நூற்றுப் பன்னிரண்டு வரை மணல்

தடைக்காலம் தொடங்கிய அன்று
மண்டபத்தில் எங்கள் ஐஸ் கம்பெனி
மோட்டாரை நிறுத்தியது.
கணக்கு எழுதும் எனக்கு
அறுபத்தோரு நாள் பாதிச் சம்பளம்,
முழு மதியம்.

உச்சிப்புளி நூலகத்தில்
கார்டுக்கு மூன்று புத்தகம்.
என் கார்டு, வீட்டுக்காரர் கார்டு
(அவர் அதை எடுத்ததே எனக்காகத்தான்),
ஆக ஆறு.

ஆறு புத்தகம் எடுப்பது
விருந்துக்கு மீன் எடுப்பது போல் இல்லை.
செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாது.
பின்னட்டையில் எல்லாமே
இன்றைக்குப் பிடித்ததாகத்தான் சொல்லும்.

முந்தின வருடம்
பனி பெய்யும் ஊரின் கதை ஒன்று.
வெயிலுக்கு இதமாயிருக்கும் என்றார்கள்.
ஐஸ் பாரை எண்ணி மரத்தவள் நான்.
பனியில் நின்று ஒருத்தி அழ அழ
'எத்தனை பார்?' என்றே ஓடியது மனசு.

போன வருடம் ஒல்லியான கவிதைப் புத்தகம்.
முதுகில் வெறும் பசை, தையல் இல்லை.
அரியமானில் கச்சான்
கரையிலிருந்து கடலுக்கு வீசும்.
நாற்பத்தேழாம் பக்கம் கழன்று
தண்ணீரைத் தொட்டு, எழும்பி, மறுபடி தொட்டு
நான் படிக்கும் முன்பே போய்விட்டது.
அபராதம் நாற்பது ரூபாய்.
நாற்பது ரூபாய்க்கு
அது நல்ல கவிதையாகத்தான் இருந்திருக்கும்.

இந்த வருடம்
ஒவ்வொன்றாய் எடுத்துத்
தலைகீழாகப் பிடித்து உதறினேன்.
நூலகர் ஹபீபு நிஷா
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"என்ன தேடுறீங்க?"
"மணல்."

துப்பறியும் கதையில் பஸ் டிக்கெட்.
சமையல் குறிப்பில் மஞ்சள் தூள்.
வாழ்வில் வெல்ல வழி சொல்லும் நூலில்
தூசிகூட இல்லை.
கீழ்த்தட்டில்
அட்டை வெளுத்த தடி நாவல் ஒன்று.
உதறியதும் மேசைமேல்
ஒரு சிட்டிகை வெள்ளை மணல்,
நகக்கண் அளவு சிப்பித்துண்டு.
யாரோ இதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்
காற்று அறைந்தும் மூடாமல் படித்திருக்கிறார்கள்.
வேறு சிபாரிசு வேண்டாம்.
மீதி ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

சவுக்கு நிழல். குதிகாலில் சவுக்குக் காய்.
மதுரைக் குடும்பம் ஒன்று
இடுப்பளவுத் தண்ணீரில்
செல்போனை மட்டும் உயர்த்திப் பிடித்தபடி.
நாவலில் மூன்று சகோதரிகள்
ஒரு சைக்கிள் கடைக்காக வழக்காடுகிறார்கள்.
நடுமடிப்பில், பக்கத்துக்குப் பக்கம்,
எனக்கு முன்னால் போனவரின் மணல்.
அவர் சிரித்த இடம் இதுவாக இருக்கும் என்று
நானும் சிரித்துக்கொண்டேன்.

நூற்றுப் பன்னிரண்டில் மணல் நின்றுவிட்டது.
நூற்றுப் பதிமூன்று
பெருக்கிவிட்ட வாசல்.
நடு அக்கா கோர்ட்டில்
வாய் திறக்கப்போகிறாள்.
இங்கேயா நிறுத்துவது?

கடைசித் தாளில் தேதி முத்திரை பார்த்தேன்:
மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் பதினான்கு.
தடை முடியும் ராத்திரி.
அந்த ராத்திரி எனக்குத் தெரியும்.
எண்ணூறு பார், டீசல் வாடை,
ஜன்னலுக்கு வெளியே ஒருவர் தோள்மேல் ஒருவர்.
நான் கிழித்துக் கொடுத்த ரசீதை
நாலாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்த யாரோ.
பள்ளிக்கூடம் திறந்துவிட்ட டீச்சராகவும் இருக்கலாம்.
யாரானாலும்
நடு அக்கா என்ன சொன்னாள் என்று தெரியாமல்
மூன்று வருடமாக இருக்கிறார்.

அவள் சொன்னாள்.
காற்று அந்தப் பக்கத்திலும்
தன் பங்கைப் போட்டது.

மேனேஜர் போன் வந்தபோது
பக்கம் இருநூற்று அறுபது.
"சாயங்காலமே வந்துரும்மா, மோட்டாரைப் போடணும்."
மற்ற ஐந்தும் பையிலேயே கிடந்தன.

ராத்திரி ஜன்னலில்
ரசீது கிழிக்கக் கிழிக்க
ஒவ்வொரு முகத்தையும்
கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தேன்.
"என்னக்கா, கணக்கு இடிக்குதா?" என்றான் ஒரு பையன்,
தலையில் துண்டு, கையில் நனைந்த நோட்டு.

இடிக்கத்தான் செய்தது.
நாற்பது பக்கம்.